கப்பல் ஜாபிதா

நமது காரியாலயத்துக்கு வருகிறவர்கள் அநேகமாக ஏதேனும் கையில் கொண்டுதான் வருவார்கள். சிலர் கவிதை கொண்டு வருவார்கள். சிலர் கதை கொண்டு வருவார்கள். சென்ற வாரம் நாம் எழுதியதில் இருந்த பிழையைக் கண்டுபிடித்து, அதைப் பத்திரமாகக் கொண்டு வருகிற நண்பர்களும் உண்டு. சென்ற தை மாதத்தில் ஒரு நாள் வந்த மூதாட்டியார் மட்டும் ஒரே ஒரு வரியைக் கொண்டு வந்தார். ஒரு வரிதான், ஆனால் அதைத் தேடிப் பிடிப்பதற்குத் தமக்குப் பதினோரு வருஷங்கள் ஆயின என்றார்.

அம்மையார் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரவாசி. பள்ளிக்கூட உபாத்தியாயினியாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதைக் கடந்துவிட்டது. அவர் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் அந்த இங்கிலீஷுக்கு நடுவே 'ஆயா' என்று ஒரு சொல் வரும்போதெல்லாம் அவருடைய குரல் மாறிற்று. பாட்டியை ஆயா என்று அழைக்கும் வழக்கத்தைக் கடல் கடந்து போனவர்கள் நாலு தலைமுறையாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். பாஷை போயிற்று, எழுத்துப் போயிற்று, ஆயா மட்டும் போகவில்லை.

அவர் காட்டிய காகிதத்தில் இருந்த வரி இதுதான்: ஓர் எண், ஒரு பெண்ணின் பெயர், தகப்பனார் பெயர், வயது 22, ஜாதி, ஜில்லா, வட ஆர்க்காடு, தாலுகா, போளூர், ஒரு கிராமத்தின் பெயர், உயரம், ஐந்து அடிக்கு இரண்டு அங்குலம் குறைவு, அங்க அடையாளம், இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு.

"இவள் என் தாயாரின் ஆயா. இந்த ஊர் எங்கே இருக்கிறது?" என்று அம்மையார் கேட்டார்.

இந்த வரி எங்கிருந்து வந்தது என்பதை நமது வாசகர்கள் அறிய வேண்டும். 1860-ஆம் வருஷம் அக்டோபர் 12-ஆம் தேதி 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தார்கள். நேட்டால் மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களில் ஐந்து வருஷம் உழைப்பதாக ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர்கள் அவர்கள். முதல் வருஷத்தில் மாதச் சம்பளம் பத்து ஷில்லிங். பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம். நடுவே சில வருஷங்கள் நின்று போய், 1874-ல் மீண்டும் தொடங்கிய இந்த ஆள் ஏற்றுமதி 1911 வரையில் நடந்தது. அதற்குள் நேட்டாலில் இறங்கியவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள்.

இத்தனை பேரையும் துரைத்தனத்தார் ஒருவர் விடாமல் கணக்கெழுதி வைத்தார்கள். மனிதரிடம் கொண்ட அன்பினால் எழுதினார்கள் என்று நாம் நினைக்க வேண்டாம். சரக்கு ஏற்றுகிறவன் மூட்டைக்குக் குறி போடுகிறான் அல்லவா? அது போன்ற காரியந்தான் இது. ஓடிப்போனால் பிடிப்பதற்குத் தழும்பு வேண்டும். பிடித்தவனை இன்னானென்று நிரூபிப்பதற்கு எண் வேண்டும். ஆனால் விதியின் விளையாட்டைப் பாருங்கள். அடிமைத்தனத்துக்காக எழுதிய அந்தக் கணக்கே இன்று பேரப் பிள்ளைகளுக்குக் குலச் சொத்தாகிவிட்டது. டர்பன் நகரத்து ஆவணக் களரியில் அந்த ஜாபிதாக்கள் இருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் பெருமுயற்சி செய்து அவற்றைக் கம்ப்யூட்டரிலும் ஏற்றியிருக்கிறார்கள். அம்மையாருடைய பாட்டியின் விவாகப் பத்திரத்தில் தாயாரின் கப்பல் எண் எழுதியிருந்தது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் இந்த வரியை அடைந்தார்.

மற்ற நாடுகளிலும் இத்தகைய பதிவுகள் உண்டு. மொரீஷியஸ் தீவுக்கு 1834 முதல் ஏறக்குறைய நாலரை லக்ஷம் இந்தியர்கள் சென்றார்கள். அவர்களைப் பற்றிய ஏடுகள் மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி ஸ்தாபனத்தில் இருக்கின்றன. அங்கே 1860-களில் தொடங்கிப் போட்டோவும் பிடித்து வைத்தார்கள். பிஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரையில் 60,000 பேருக்கு மேல் சென்றார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு பிரயாணச் சீட்டு எழுதப்பட்டது. அந்தச் சீட்டுக்கள் சுவா நகரத்து ஆவணக் களரியில் உள்ளன. புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் ரீயூனியன், மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கொண்டு போனவர்களின் கணக்குகள் பிரெஞ்சு மொழியில் இருக்கின்றன. இலங்கைக்கும் மலாய் நாட்டுக்கும் கங்காணிகளின் பின்னே போனவர்களே இவர்கள் எல்லாரிலும் அதிகம். அவர்களுக்கு ஆளுக்கு ஒரு வரி எழுதும் வழக்கம் இந்த அளவுக்கு இல்லாமற் போயிற்று. ஆகையால் பக்கத்துத் தேசத்துக்குப் போனவனைக் கண்டுபிடிப்பது, ஏழு கடலுக்கு அப்பால் போனவனைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினமாயிருக்கிறது!

மேற்படி வரியில் ஒரு சங்கடமும் இருந்தது. அதை அம்மையார் முதலில் சொல்லவில்லை. காப்பி ஆறிப்போன பிறகுதான் சொன்னார்.

கணவனும் மனைவியுமாகக் கப்பலேறி வந்து தழைத்த குடும்பம் என்பதுதான் அவர்கள் வீட்டில் வழங்கி வந்த கதை. ஜாபிதாவிலோ கணவன் பெயர் இல்லை. அந்தக் கப்பலில் வந்தவர்கள் அத்தனை பேரையும் பார்த்தாகிவிட்டது, இல்லவே இல்லை. இருபத்திரண்டு வயதுப் பெண் தன்னந்தனியாக வந்திருக்கிறாள். அம்மையாரின் தமையனார் இதைக் கேட்டதும், "அந்தக் காகிதத்தை மடித்து உள்ளே வை. பேரன் பேத்திகளுக்கு இது தெரிய வேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டாராம். ஜாதி என்ற கட்டத்தில் எழுதியிருந்ததும் அவர்கள் வீட்டில் சொல்லி வந்ததற்கு மாறாக இருந்ததாம். அதுவும் அவர் மனத்தில் தைத்திருக்கிறது.

"நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்று அம்மையார் நம்மைக் கேட்டார்.

நாம் யார், ஒரு குடும்பத்து விஷயத்தில் தீர்ப்புக் கூறுவதற்கு? ஆனாலும் தெரிந்த சரித்திரத்தைச் சொன்னோம். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது கப்பலில் இருக்க வேண்டும் என்று சட்டம் ஏற்பட்டிருந்தது. ஆள் பிடிக்கிறவர்கள் அந்தத் தொகையை நிரப்புவதற்குப் பெண்களைத் தேடி அலைந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டவர்கள் யார்? கணவனை இழந்தவர்கள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்தவர்கள், சந்தையிலும் சத்திரத்திலும் திக்கற்று நின்றவர்கள். அம்மையாரின் முன்னோளாகிய பெண் கப்பல் ஏறியது 1880-களில். 1876 முதல் 1878 வரையில் சென்னை ராஜதானியைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின்போது அவள் சிறுமியாக இருந்திருப்பாள். அந்தப் பஞ்சம் எத்தனை குடும்பங்களைச் சிதற அடித்தது என்பதை நம் வீட்டுக் கிழவிகள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தனியாகக் கப்பலேறிய பெண்களைப்பற்றித் தோட்டத் துரைமார்களும் உத்தியோகஸ்தர்களும் இழிவாகப் பேசினார்கள், எழுதியும் வைத்தார்கள். தோட்டங்களில் அவர்களுக்கு நேர்ந்த கொடுமைகளுக்கு அவர்களையே பொறுப்பாளிகளாக்க அது வசதியாயிருந்தது. பிஜித் தீவின் பெண்களை நினைத்துப் பாரதியார் கண்ணீர் விட்டுப் பாடினாரே, அவர் யாரும் அவர்களுடைய யோக்கியதாபத்திரத்தைக் காட்டும்படி கேட்கவில்லை. 1910-ல் கோகலே சட்டசபையில் நேட்டால் ஒப்பந்த முறையை எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவந்தபோதும், 1916-ல் மாளவியா இந்த முறையை அடியோடு ஒழிக்க வேண்டுமென்று வாதாடியபோதும், 'இவர்கள் எந்த ஜாதி?' என்பது கேள்வியாக இருக்கவில்லை. 'இவர்கள் நம்மவர்கள்' என்பதே விடையாக இருந்தது.

இன்னொன்றும் சொன்னோம். ஜாபிதா சொல்வதை நம்பலாம்; ஆனால் அது சொல்லாததை நாமாக இட்டு நிரப்பக்கூடாது. கணவன் முன்னதாக வேறு கப்பலில் போயிருக்கலாம். இறந்து போயிருக்கலாம். ஒருவனும் இல்லாமலேயும் இருந்திருக்கலாம். காகிதத்தில் பெயர் இல்லை என்பது ஒன்றுதான் நமக்குத் தெரியும். அவமானம் என்று யாரும் அந்தக் கட்டத்தில் எழுதி வைக்கவில்லை. நாம் ஏன் எழுத வேண்டும்?

அம்மையார் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "அப்படியானால் ஊரைத் தேடுவோம்" என்றார்.

ஊரைத் தேடுவது என்றால் ரயிலேறிப் போவதல்ல. முதலில் புஸ்தகசாலைக்குப் போவது. அந்நாளில் எழுதின குமாஸ்தாக்கள் தங்கள் காதில் விழுந்ததை இங்கிலீஷ் எழுத்தில் எழுதினார்கள். வந்தவாசி 'வாண்டிவாஷ்' ஆயிற்று. காஞ்சிபுரம் 'காஞ்சீவரம்' ஆயிற்று. தரங்கம்பாடி 'டிராங்குபார்' ஆயிற்று. பரங்கிப்பேட்டையைப் 'போர்ட்டோ நோவோ' என்ற பெயரில் வைத்துக்கொண்டு தமிழ்நாடு முழுவதும் சுற்றி வந்தாலும் ஒருவரும் வழி சொல்ல மாட்டார்கள். கவுண்டர் என்பது 'கவண்டர்' ஆகவும், முதலியார் என்பது 'மூட்லி' ஆகவும் தென்னாப்பிரிக்காவில் நிலைத்துவிட்டன.

ஜில்லாப் பெயரும் ஒரு பெரிய பொறி. அந்நாளைய வட ஆர்க்காடு ஜில்லாவுக்குச் சித்தூரே தலைநகரம். 1911-ல் சித்தூர் ஜில்லா தனியாகப் பிரிந்தது; அது இப்பொழுது ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கிறது. மீதியிருந்த வட ஆர்க்காடு 1989-ல் இரண்டாயிற்று. 2019-ல் வேலூர் ஜில்லா மறுபடியும் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் உண்டாயின. ஆகவே 'வட ஆர்க்காடு' என்று தாத்தா சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவர் பல ஜில்லாக்களிலும் இரண்டு ராஜ்யங்களிலும் தேட வேண்டியவராகிறார். போளூர் என்ற தாலுகாப் பெயர் இருந்ததே அம்மையாரின் பாக்கியம். போளூர் இப்போது திருவண்ணாமலை ஜில்லாவைச் சேர்ந்தது.

இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்கென்றே சில பெரும் புஸ்தகங்கள் இருக்கின்றன. காக்ஸ் என்பவர் தொகுத்து 1881-ல் வெளிவந்த வட ஆர்க்காடு ஜில்லா மானுவல் ஒன்று. மெக்லீன் என்பவர் சென்னை ராஜதானி நிர்வாகத்தைப்பற்றித் தொகுத்த மூன்று தொகுதிகள். அவற்றில் 1893-ல் வந்த மூன்றாவது தொகுதி முழுவதும் சொற்களுக்கும் ஊர்ப் பெயர்களுக்கும் விளக்கம். தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த பர்னலும் யூல் என்பவரும் சேர்ந்து செய்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி 1886-ல் வந்தது. இவை தவிர, தாலுகாவாரியாகக் கிராமப் பெயர்களை அகர வரிசையில் அச்சிட்ட சர்க்கார் ஜாபிதாக்கள் உண்டு. இவை கதைப் புஸ்தகங்கள் அல்ல. ஒருவரும் இவற்றைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பதில்லை. ஆனால் ஒருவருக்கு ஒரு நாள் வேண்டியிருக்கும்போது இவற்றுக்குப் பதில் வேறு புஸ்தகம் கிடையாது.

அம்மையாரோடு நாமும் சென்றோம். முதலில் போன புஸ்தகசாலையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே புஸ்தகப் பட்டியலில் மானுவல் இருந்தது, அலமாரியில் இல்லை. சிப்பந்தி மிகவும் நல்லவர். "பட்டியலில் இருக்கிறதே, அப்படியானால் இருக்கத்தான் வேண்டும்" என்று நமக்கு ஆறுதல் சொன்னார். இரண்டாவது இடத்தில் அலமாரியில் இருந்தது, பட்டியலில் இல்லை. வட ஆர்க்காடு என்று தேடினோம். காக்ஸ் என்று தேடினோம். கடைசியில், 'சென்னை, கவர்ன்மெண்டார்' என்ற தலைப்பின் கீழ் முந்நூறு புஸ்தகங்களுக்கு நடுவே ஒளிந்துகொண்டிருந்ததைப் பிடித்தோம்.

அந்தப் பட்டியல் கார்டை அம்மையார் கையில் வாங்கிப் பார்த்தார். திடீரென்று சிரித்தார். பிறகு தம்முடைய காகிதத்தை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

கார்டில் ஓர் எண், பெயர், புஸ்தகத்தைப் பெற்றவர் பெயர், பிறந்த ஊர், பிறந்த வருஷம், பக்கங்கள் எத்தனை, உயரம் எத்தனை சென்டிமீட்டர், குறிப்பு, மேலட்டை கிழிந்தது, படம் ஒன்று இல்லை. கப்பல் ஜாபிதாவில் ஓர் எண், பெயர், தகப்பனார், ஊர், வயது, உயரம், குறிப்பு, முழங்காலுக்குக் கீழே தழும்பு. இரண்டும் ஒரே ஜாபிதா! ஒன்று புஸ்தகங்களுக்கு, மற்றொன்று மனிதருக்கு. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. மனிதருக்கு எழுதியவர்கள் மறுபடியும் அவர்களைப் பிடிப்பதற்காக எழுதினார்கள். புஸ்தகத்துக்கு எழுதுகிறவர்கள் தேடி வருகிறவர் கையில் அதைக் கொடுப்பதற்காக எழுதுகிறார்கள்; அல்லது அதற்காக எழுத வேண்டும்.

இந்தக் கடமையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் நம் நாட்டவர். சென்னைச் சர்வகலாசாலையில் 1924-ல் புஸ்தகசாலைத் தலைவராக அமர்ந்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள் 1931-ல் ஐந்து சூத்திரங்களை வெளியிட்டார். படிப்பவர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய புஸ்தகம் கிடைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அவருடைய காலத்தை வீணாக்கக் கூடாது என்பது இன்னொன்று. பட்டியல் தயாரிப்பதற்கு 1934-ல் தனியாக ஒரு விதிநூலே எழுதினார். சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னையில் 1948-ல் பொது நூலகச் சட்டம் நிறைவேறியதற்கு அவருடைய முயற்சியே காரணம். அவர் பெயரின் முதல் எழுத்தாகிய 'எஸ்' எதைக் குறிக்கிறது தெரியுமா? 'ஷியாலி'; அதாவது சீர்காழி! நாளைக்கு ஒரு பிஜிக்காரர் 'ஷியாலி' என்று எழுதிய சீட்டைக் கொண்டுவந்தால், ரங்கநாதன் அவர்களின் பெயரே அவருக்கு அகராதியாக உதவும்.

ஊர்ப் பெயரின் மகிமையை நினைக்கும்போது தில்லையாடி வள்ளியம்மையின் ஞாபகம் வராமல் இராது. அந்தப் பெண் பிறந்தது ஜோஹானஸ்பர்க்கில். காந்திஜியின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, நோயோடு வெளிவந்து, 1914-ல் பதினாறாவது வயதில் உயிர் நீத்தாள். தில்லையாடியை அவள் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் அந்த ஊர் அவள் பெயருக்கு முன்னால் நின்று, அவளை நமக்குச் சொந்தமாக்கிவிட்டது. 1915-ல் காந்திஜி தில்லையாடிக்கு வந்தார். வள்ளியம்மையின் பெற்றோருக்குத் தங்கள் ஊர் தெரிந்திருந்தது. கரும்புத் தோட்டத்து லயங்களில் மடிந்து போன ஆயிரக்கணக்கானவர்களுக்கும் தங்கள் ஊர் தெரிந்துதான் இருந்தது. அவர்களைக் கேட்பாரில்லை, அவ்வளவுதான்.

இனி, போளூர் விஷயம். கிராம ஜாபிதாவைத் திறந்ததும் அம்மையார் கையைத் தட்டினார். அடுத்த நிமிஷம் முகம் வாடிற்று. ஜாபிதாவிலுள்ள பெயருக்கு ஒத்துவரும்படியாக அந்தப் பக்கத்தில் ஒன்றல்ல, இரண்டு கிராமங்கள் இருந்தன! குமாஸ்தா எழுதிய எழுத்தை ஒரு விதமாக வாசித்தால் ஓர் ஊர். மற்றொரு விதமாக வாசித்தால் இன்னோர் ஊர். இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு மைல். எதுவென்று தீர்மானிக்க நமக்கு அகப்பட்ட எந்தப் புஸ்தகமும் உதவவில்லை.

ஆகவே அம்மையார் இரண்டு ஊருக்கும் போனார். முதல் ஊரில் தொண்ணூறு வயதுக் கிழவி ஒருத்தி, வந்தவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "எங்கள் வீட்டிலும் ஒருத்தி பஞ்சத்தில் போனவள் திரும்பவில்லை என்று சொல்லுவார்கள். பெயர் தெரியாது" என்றாளாம். இரண்டாவது ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் திண்ணையில் விளையாடிக் கொண்டிருந்த ஒரு குழந்தை உள்ளே பார்த்து, "ஆயா! யாரோ வந்திருக்கிறார்கள்!" என்று கூவிற்றாம். அந்தச் சொல்லைத் தம் வீட்டாரைத் தவிர வேறொருவர் வாயில் அம்மையார் ஊரை விட்டுப் புறப்பட்ட பிறகு கேட்டது அதுவே முதல் தடவை.

கப்பலேறுவதற்கு முன்பு, அதாவது இக்காலத்து வழக்கப்படி ஆகாய விமானம் ஏறுவதற்கு முன்பு, மறுபடியும் நம்மைப் பார்க்க வந்தார். "எது உங்கள் ஊர் என்று முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டோம்.

"இரண்டு கோயிலிலும் தேங்காய் உடைத்துவிட்டேன். ஒன்று என் ஆயாவின் ஊர். மற்றொன்றில் அவளுக்குச் சொந்தக்காரர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்?" என்றார்.

தமையனார் விஷயத்தையும் கேட்டோம். குடும்பச் சரித்திரத்தை ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வருகிறாராம். அதன் முதல் பக்கத்தில் கப்பல் ஜாபிதாவின் வரியை ஒரு கட்டத்தையும் விடாமல் அப்படியே எழுதப் போவதாகச் சொன்னார். கணவன் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதுவாராம். தழும்பையும் எழுதுவாராம். "அண்ணா கோபித்துக்கொண்டால் கோபித்துக் கொள்ளட்டும். அவள் தனியாக வந்ததனால்தானே அவனும் இருக்கிறான், நானும் இருக்கிறேன்?" என்றார்.

நமது வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அக்கரையில் இருப்பவர்கள் கையில் பாதிக் காகிதம் இருக்கிறது. மறு பாதி நம் வீடுகளில் இருக்கிறது. பரணில் கிடக்கும் பழைய கடிதக் கட்டில் மொரீஷியஸ் முத்திரையிட்ட உறை ஒன்று இருக்கலாம். அடமானப் பத்திரம் ஒன்றில், 'தேசாந்திரம் போய்விட்ட இன்னாருடைய பங்கு நீங்கலாக' என்று ஒரு வாக்கியம் இருக்கலாம். தொண்ணூறு வயதுப் பாட்டி ஒருத்தியின் ஞாபகத்தில் ஒரு பெயர் இருக்கலாம். பாட்டியைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவளுடைய பதிவுக்கு இரண்டாம் பிரதி கிடையாது. பக்கத்து ஊர்ப் புஸ்தகசாலைக்குப் போகும்போது ஜில்லா மானுவல் இருக்கிறதா என்று ஒரு தடவை கேளுங்கள். கேட்பார் உண்டென்று தெரிந்தால் அது அலமாரியிலும் இருக்கும், பட்டியலிலும் இருக்கும்.

ஒருநாள் யாரோ ஒருவர் ஒற்றை வரியைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் வாசலிலும் வந்து நிற்கக்கூடும். அவரை உட்கார வைத்துக் காப்பி கொடுங்கள். வந்திருப்பவர் விருந்தாளி அல்ல.